ஆல்ஃபிரட் பென்னிவொர்த்

ஆல்ஃபிரட் பென்னிவொர்த் என்பவர் அமெரிக்காவின் டிசி காமிக்ஸ் நிறுவனம் வெளியிடும் பேட்மேன் வரைகதைகளிலும், அவற்றைத் தழுவி எடுக்கப்பட்ட திரைப்படங்களிலும், தொலைக்காட்சித் தொடர்களிலும் இடம்பெறும் ஒரு கற்பனைக் கதைமாந்தர் ஆவார். கோத்தம் என்னும் கற்பனை நகரின் பெருஞ்செல்வரான புரூஸ் வெய்னின் மாளிகையில் பட்லராகப் பணிபுரியும் ஆங்கிலேயராக இவர் சித்தரிக்கப்படுகிறார். புரூஸ் வெய்னே இரவில் முகமூடி அணிந்து குற்றவாளிகளை எதிர்க்கும் பேட்மேன் என்ற இரகசியத்தை அறிந்த மிகச் சிலருள் இவர் முதன்மையானவர்.

1943 ஆம் ஆண்டில் நகைச்சுவைப் பாத்திரமாக அறிமுகமான ஆல்ஃபிரட், பின்னர் வந்த கதைகளில் பெற்றோரை இழந்த சிறுவனை வளர்த்தவராகவும், போர் கண்ட முன்னாள் படைவீரராகவும் மாற்றி எழுதப்பட்டார். இவ்விரு மாற்றங்களால், சொன்னதைச் செய்யும் பணியாளர் என்ற நிலையிலிருந்து, தன் முதலாளியின் தவற்றை நேருக்கு நேர் எடுத்துரைக்கும் காப்பாளர் என்ற நிலைக்கு இவர் உயர்ந்தார்.

பணியும் சொற்பொருளும்

பட்லர் என்பது இங்கிலாந்தின் செல்வர் இல்லங்களில் ஆண் பணியாளர்களின் தலைவரைக் குறிக்கும் சொல்லாகும். புட்டியைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து இது பிறந்தது. மதுவறையைப் பொறுப்பேற்றுக் காப்பதே இப்பணியாளரின் தொடக்ககாலக் கடமையாக இருந்தது. சென்னை மாகாணத்தில் ஆங்கிலேயர் வீடுகளில் இருந்த தலைமைப் பணியாளரும் பட்லர் என்றே அழைக்கப்பட்டார். அவர்கள் பேசிய இலக்கணம் வழுவிய ஆங்கிலத்தைக் குறித்த பட்லர் இங்கிலீஷ் என்ற தொடர் இன்றும் தமிழில் வழங்குகிறது.

பிரித்தானியப் படைத்துறையில் ஓர் அதிகாரியின் உடை, உணவு, பொருட்கள் ஆகியவற்றைக் கவனிக்க அமர்த்தப்பட்ட படைவீரர் பேட்மேன் என்றே அழைக்கப்பட்டார். இந்தியப் படையில் இத்தகையவர் ஆர்டர்லி எனப்பட்டார். இங்குள்ள பேட் என்பது பொதி சுமக்கும் குதிரையின் சேணத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வௌவாலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை. மீநாயகன் பேட்மேனின் பெயர் வௌவாலிலிருந்து வந்தது. இரண்டும் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயலே. எனினும், முன்னாள் படைவீரர் ஒருவர் தனியொரு தலைவருக்குப் பணிவிடை செய்து, அவருடைய போர்க்கருவிகளையும் உடலையும் பேணும் ஆல்ஃபிரட்டின் பணி, அப்பழைய படைத்துறைப் பணியை மிகவும் ஒத்தது.

வரைகதைகளில் வரலாறு

ஆல்ஃபிரட் முதன்முதலாக ஏப்ரல்–மே 1943 தேதியிட்ட பேட்மேன் 16 ஆம் இதழில் தோன்றினார். அக்கதையை டான் கேமரூன் எழுதினார். அப்போது இவர் பருத்த உடலும், துப்பறிவாளராகும் ஆசையும், தடுமாற்றமும் கொண்டவராக வரையப்பட்டார். இவருடைய குடும்பப் பெயரும் அப்போது வேறாக இருந்தது. பீகிள் என்பது அக்காலப் பெயர். இறக்கும் தறுவாயிலிருந்த தந்தை ஜார்விசுக்கு அளித்த வாக்கின்படி வெய்ன் மாளிகைக்குப் பணிக்கு வரும் இவர், தற்செயலாகவே புரூசின் இரகசியத்தைக் கண்டறிகிறார். அக்கதையில் புரூஸ் ஏற்கனவே வளர்ந்த ஆளாகவும் பேட்மேனாகவும் இருந்தார். ஆகவே அவரை ஆல்ஃபிரட் வளர்த்தார் என்ற செய்தி தொடக்கத்தில் இல்லை.

அதே 1943 இல் கொலம்பியா நிறுவனம் 15 பகுதிகளாக வெளியிட்ட பேட்மேன் திரைத்தொடரில் வில்லியம் ஆஸ்டின் என்ற நடிகர் ஆல்ஃபிரட்டாக நடித்தார். அவர் மெலிந்த உடலும் மீசையும் உடையவர். திரையில் கண்ட உருவத்தோடு வரைகதை ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக, ஆல்ஃபிரட் உடல்நல விடுதி ஒன்றுக்குச் சென்று இளைத்துத் திரும்பியதாக 1944 ஜனவரி இதழில் கதை அமைக்கப்பட்டது. இன்று பரவலாக அறியப்படும் ஒல்லியான, மீசை வைத்த ஆல்ஃபிரட்டின் உருவம் இவ்வாறு திரையிலிருந்து வரைகதைக்கு வந்ததாகும்.

1964 ஆம் ஆண்டில் பேட்மேனையும் ராபினையும் காப்பாற்றும் முயற்சியில் ஆல்ஃபிரட் இறந்ததாகக் கதை எழுதப்பட்டது. ஆனால் 1966 இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரில் இவர் இடம்பெற்றதால், அதே ஆண்டில் வரைகதையிலும் உயிருடன் மீட்கப்பட்டார். பென்னிவொர்த் என்ற குடும்பப் பெயர் 1969 இல், பேட்மேன் 216 ஆம் இதழில்தான் முதன்முதலாக வந்தது.

1980களின் பிற்பகுதியில் டிசி நிறுவனம் தன் கதைமாந்தர்களின் வரலாற்றைத் திருத்தி அமைத்தபோது, பெற்றோர் கொல்லப்பட்ட நாளிலிருந்து புரூசை வளர்த்தவர் ஆல்ஃபிரட்டே என்ற வரலாறு நிலைபெற்றது. 1987 இல் ஃபிராங்க் மில்லர் எழுதி டேவிட் மசுக்கெல்லி வரைந்த முதலாண்டுக் கதையில், குருதி வழிய வீடு திரும்பும் புரூஸ், மணியை அடித்தால் ஆல்ஃபிரட் வந்து தன் உயிரைக் காப்பார் என்ற நம்பிக்கையோடு காத்திருக்கும் காட்சி இடம்பெறுகிறது.

2019 இல் வெளியான பேட்மேன் 77 ஆம் இதழில் பேன் என்ற எதிரியால் ஆல்ஃபிரட் கொல்லப்பட்டார்.

படைத்துறைப் பின்னணி

ஆல்ஃபிரட்டின் கடந்தகாலம் ஒவ்வொரு காலகட்டத்திலும் வெவ்வேறாக எழுதப்பட்டுள்ளது. தொடக்கக் கதைகளில் இவர் இசையரங்க மேடைகளில் நடித்தவர். நடிப்புப் பயிற்சியால் குரல் மாற்றிப் பேசவும் மாறுவேடமிடவும் வல்லவர் என்ற செய்தி பிற்காலக் கதைகளிலும் தொடர்கிறது. பின்னர் வந்த கதைகளில் இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சு நாட்டு எதிர்ப்பியக்கத்தாருடன் இணைந்து இவர் பணியாற்றியதாகவும், அங்கு ஒரு பெண் போராளியுடன் ஏற்பட்ட உறவில் ஜூலியா என்ற மகள் பிறந்ததாகவும் சொல்லப்பட்டது.

உலகப் போர்க்காலம் பின்னோக்கிச் செல்லச் செல்ல, அப்போரில் பங்கேற்றவர் இக்காலக் கதையில் மிகவும் முதியவராக இருக்க வேண்டியதாயிற்று. ஆகவே படைத்துறைப் பின்னணி வேறு வடிவங்களைப் பெற்றது. 2012 இல் ஜெஃப் ஜான்ஸ் எழுதி கேரி ஃபிராங்க் வரைந்த எர்த் ஒன் நூலில் இவர் அரச கடற்படையின் தரைப்போர் வீரராக இருந்தவர். தாமஸ் வெய்னின் நண்பர். பட்லராக அன்றிப் பாதுகாவலராக வந்து சேர்பவர். 2024 இல் தொடங்கிய அப்சொல்யூட் பேட்மேன் வரிசையில் இவர் பிரித்தானிய உளவுத்துறை முகவராக வருகிறார்.

திரையில் மிகுதியாக எடுத்தாளப்படும் பின்னணி, சிறப்பு வான்சேவை எனப் பொருள்படும் எஸ்.ஏ.எஸ். படைப்பிரிவைச் சேர்ந்தவர் என்பதாகும். இப்படைப்பிரிவு 1941 இல் டேவிட் ஸ்டிர்லிங் என்ற அதிகாரியால் வட ஆப்பிரிக்கப் போர்முனையில் உருவாக்கப்பட்டது. பகைவர் எல்லைக்குள் சிறு குழுக்களாக ஊடுருவித் தாக்குவது இதன் முறையாகும். 1980 இல் இலண்டனில் ஈரானியத் தூதரகத்தைக் கைப்பற்றியிருந்தோரிடமிருந்து பணயக் கைதிகளை இப்படையினர் மீட்ட காட்சி தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. அதன் பின்னர் இப்படைப்பிரிவின் பெயர் பொதுமக்களிடையே பரவலாக அறியப்பட்டது.

திரைப்படங்களில்

தொடக்ககாலம் (1943–1966)

1943 திரைத்தொடரில் வில்லியம் ஆஸ்டினும், 1949 திரைத்தொடரில் எரிக் வில்டனும் ஆல்ஃபிரட்டாக நடித்தனர். 1966 முதல் 1968 வரை 120 பகுதிகள் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடரிலும், 1966 இல் அதையொட்டி வெளியான திரைப்படத்திலும் ஆலன் நேப்பியர் நடித்தார். இவற்றில் ஆல்ஃபிரட் கண்ணியம் மிக்க, அமைதியான பணியாளர். காவல்துறை ஆணையரின் சிவப்புத் தொலைபேசி அழைப்பை எடுத்து முதலாளியிடம் சொல்வது இவருடைய வழக்கமான வேலை. படைவீரருக்குரிய பின்னணி எதுவும் அழுத்தம் பெறவில்லை.

மைக்கேல் கோஃப் (1989–1997)

டிம் பர்ட்டன் இயக்கிய பேட்மேன் (1989), பேட்மேன் ரிட்டர்ன்ஸ் (1992), ஜோயல் ஷூமாக்கர் இயக்கிய பேட்மேன் ஃபாரெவர் (1995), பேட்மேன் அண்ட் ராபின் (1997) ஆகிய நான்கு படங்களிலும் மைக்கேல் கோஃப் ஆல்ஃபிரட்டாக நடித்தார். இப்படங்களில் பேட்மேனாக மூன்று நடிகர்கள் மாறி மாறி நடித்தபோதும் ஆல்ஃபிரட் மாறவில்லை. கோஃப் 1916 இல் மலாயாவின் கோலாலம்பூரில் பிறந்தவர். 2011 இல் காலமானார்.

கோஃபின் ஆல்ஃபிரட் மென்மையானவர்; ஆனால் தன் விருப்பப்படி முடிவெடுப்பவர். 1989 படத்தில் புரூசிடம் கேட்காமலேயே அவருடைய காதலியைக் குகைக்குள் அழைத்து வருகிறார். 1997 படத்தில் கொடிய நோயுற்றிருக்கும் நிலையிலும், தனக்குப் பின் உதவுவதற்காகத் தன் உருவத்தையும் குரலையும் கணினியில் பதிந்து வைக்கிறார்.

இரண்டாம் உலகப் போரின்போது கோஃப் மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். அவர் போரிடாத துணைப்பிரிவில் பணியாற்ற நேர்ந்தது. போர்ப் பின்னணி இல்லாத ஆல்ஃபிரட்டாக நடித்தவர் போரிட மறுத்தவராகவும், அவருக்குப் பின் போர்ப் பின்னணி கொண்ட ஆல்ஃபிரட்டாக நடித்தவர் உண்மையில் போர்முனை கண்டவராகவும் இருந்தது குறிப்பிடத்தக்கது.

மைக்கேல் கெய்ன் (2005–2012)

கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய பேட்மேன் பிகின்ஸ் (2005), தி டார்க் நைட் (2008), தி டார்க் நைட் ரைசஸ் (2012) ஆகிய மூன்று படங்களில் மைக்கேல் கெய்ன் நடித்தார். 1933 இல் இலண்டனில் பிறந்த கெய்ன், கட்டாயப் படைச்சேவையின்போது கொரியப் போர்முனையில் பணியாற்றியவர். ஆல்ஃபிரட்டை ஒரு முன்னாள் எஸ்.ஏ.எஸ். சார்ஜெண்டாகக் கற்பனை செய்துகொண்டு நடித்ததாகவும், காயமுற்றபின் படையினர் உணவகத்தில் பணியாற்றியவர் என்று ஒரு முன்கதையை அமைத்துக்கொண்டதாகவும் அவர் நேர்காணல்களில் கூறியுள்ளார். முந்தைய ஆல்ஃபிரட்டுகளின் உயர்குடி உச்சரிப்பு இவரிடம் இல்லை. இலண்டன் உழைக்கும் மக்களின் பேச்சு ஒலிக்கிறது.

படங்களில் எஸ்.ஏ.எஸ். என்ற பெயர் சொல்லப்படுவதில்லை. கடந்தகாலம் பர்மாவைப் பற்றிய ஒரு கதையாக மட்டுமே வெளிப்படுகிறது. தி டார்க் நைட் படத்தில், ஜோக்கர் பணத்துக்காகவே குற்றம் செய்கிறான் என்று புரூஸ் எண்ணுகிறார். அப்போது ஆல்ஃபிரட் தான் இளமையில் பர்மாவில் பணியாற்றியதைச் சொல்கிறார். பழங்குடித் தலைவர்களை வசப்படுத்த அரசு அனுப்பிய மாணிக்கக் கற்களை ஒரு கொள்ளைக்காரன் காட்டில் வழிமறித்துப் பறிக்கிறான். ஆறு மாதம் தேடியும் அக்கற்களை விற்றவர் எவரும் அகப்படவில்லை. ஒரு நாள் சிறுபிள்ளை ஒன்று பெரிய மாணிக்கக் கல்லை வைத்து விளையாடுவதைக் காண்கின்றனர். கொள்ளைக்காரன் கற்களை வீசி எறிந்திருக்கிறான். அழிவைக் காண்பதைத் தவிர வேறெதையும் விரும்பாத மனிதரும் உண்டு என்பதே ஆல்ஃபிரட் இதிலிருந்து கண்ட பாடம்.

அக்கொள்ளைக்காரன் எப்படிப் பிடிபட்டான் என்ற கேள்வியைப் புரூஸ் படத்தின் பிற்பகுதியில்தான் கேட்கிறார். காட்டையே எரித்துவிட்டோம் என்பது விடை. ஒருவனைப் பிடிக்க ஒரு காட்டையே அழித்த செயலில் பங்கேற்றவர் இவர் என்பது அங்கு தெரிகிறது. ஜோக்கரைப் பிடிப்பதற்காக நகரத்தார் அனைவரின் கைபேசிகளையும் ஒட்டுக்கேட்கும் கருவியைப் புரூஸ் பயன்படுத்தும்போது, பர்மாக் கதை எழுப்பிய அதே கேள்வி திரும்பவும் எழுகிறது.

அப்படத்தின் முடிவில், புரூசின் தோழி ரேச்சல் இறக்குமுன் எழுதிய கடிதத்தை ஆல்ஃபிரட் எரித்துவிடுகிறார். அவர் வேறொருவரை மணக்க முடிவு செய்திருந்தார் என்பது அக்கடிதத்தின் செய்தி. புரூசின் துயரைக் குறைக்கச் செய்த இம்மறைப்பு எதிர்மாறான விளைவைத் தருகிறது. இழந்த காதலை எண்ணியே புரூஸ் எட்டு ஆண்டுகள் மாளிகையில் முடங்குகிறார். மூன்றாம் படத்தில் ஆல்ஃபிரட் உண்மையைச் சொல்லிவிட்டு, புரூஸ் சாவைத் தேடிச் செல்வதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று பணியிலிருந்து விலகுகிறார். பின்னர் புரூஸ் இறந்துவிட்டதாக நம்பி, அவருடைய பெற்றோரின் கல்லறை முன் நின்று, ஒப்படைத்த பிள்ளையைக் காக்கத் தவறிவிட்டேன் என்று அழுகிறார். படத்தின் இறுதியில் இத்தாலியின் புளோரன்சு நகரில் புரூசை உயிருடன் காண்கிறார். இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ஜெரமி அயர்ன்ஸ் (2016–2023)

சாக் ஸ்னைடர் இயக்கிய பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன் (2016) படத்தில் ஜெரமி அயர்ன்ஸ் நடித்தார். ஜஸ்டிஸ் லீக் (2017), அதன் மறுபதிப்பாக வெளியான சாக் ஸ்னைடரின் ஜஸ்டிஸ் லீக் (2021), தி ஃபிளாஷ் (2023) ஆகியவற்றிலும் இவரே நடித்துள்ளார். இந்த ஆல்ஃபிரட் தேநீர்த் தட்டைவிடக் கருவிகளோடு மிகுதியாகக் காணப்படுகிறார். கவசத்தைப் பழுதுபார்த்தல், தொலைவிலிருந்து வானூர்தியை இயக்குதல், களத்தில் உள்ளவருக்கு ஒலிவாங்கி வழியாக வழிகாட்டுதல் ஆகியன இவருடைய பணிகள். சூப்பர்மேனைக் கொல்லத் துணியும் புரூசை இவர் எள்ளலோடும் கவலையோடும் கண்டிக்கிறார். ஆயினும் உதவுவதை நிறுத்துவதில்லை.

ஆண்டி செர்கிஸ் (2022)

மாட் ரீவ்ஸ் இயக்கிய தி பேட்மேன் (2022) படத்தில் ஆண்டி செர்கிஸ் நடித்தார். முகத்தில் தழும்பும் கையில் ஊன்றுகோலும் கொண்ட இவர், ரிட்லர் விட்டுச் செல்லும் சங்கேதக் குறிப்புகளை அவிழ்க்க உதவுகிறார். புரூசுக்கு வந்த வெடிகுண்டு அஞ்சலைப் பிரித்துப் படுகாயமடைகிறார். மருத்துவமனைக் காட்சியில், புரூசின் பெற்றோரைக் காப்பது தன் கடமையாக இருந்ததென்றும், புரூசுக்குச் சண்டையிடக் கற்றுத்தர முடிந்த தன்னால் ஒரு தந்தையாக இருக்க முடியவில்லை என்றும் வருந்துகிறார். படைப்பயிற்சியின் பயனோடு அதன் போதாமையும் வெளிப்படையாகச் சொல்லப்படும் இடம் இதுவாகும்.

தொலைக்காட்சித் தொடர்களில்

2014 முதல் 2019 வரை ஒளிபரப்பான கோத்தம் தொடரில் ஷான் பெர்ட்வீ நடித்தார். இதில் புரூஸ் சிறுவன் என்பதால் ஆல்ஃபிரட்டின் வளர்ப்புப் பணியே கதையின் பெரும்பகுதி. முன்னாள் எஸ்.ஏ.எஸ். வீரரான இவர் சிறுவனுக்குக் குத்துச்சண்டை கற்பிக்கிறார். சினமும் கடுமையும் உடையவராகவும் காட்டப்படுகிறார். இவருடைய பழைய படைத்தோழர் ஒருவரே விருந்தினராக வந்து இவரைக் கத்தியால் குத்தும் நிகழ்வும் இத்தொடரில் உண்டு.

2019 முதல் 2022 வரை மூன்று பருவங்களாக வெளியான பென்னிவொர்த் தொடரில் ஜாக் பேனன் இளவயது ஆல்ஃபிரட்டாக நடித்தார். கோத்தம் தொடரை உருவாக்கிய புரூனோ ஹெல்லரே இதனையும் உருவாக்கினார். 1960களை ஒத்த கற்பனை இலண்டனில், படையிலிருந்து விலகி வந்த ஆல்ஃபிரட் இரு படைத்தோழர்களுடன் பாதுகாப்பு நிறுவனம் தொடங்குவதும், தாமஸ் வெய்னைச் சந்திப்பதும் இதன் கதை.

விசுவாசமும் கீழ்ப்படிதலும்

படைவீரர் என்ற பின்னணி கதைகளில் மூன்று வகைகளில் பயன்படுகிறது. முதலாவது, காயத்துக்குத் தையலிடுதல், ஆயுதங்களைக் கையாளுதல், பயிற்சி அளித்தல் போன்ற திறன்கள் ஒரு பட்லருக்கு எப்படி வந்தன என்பதை அது விளக்குகிறது. இரண்டாவது, முதலாளியின் ஆபத்தான வாழ்க்கையைக் கண்டு அவர் அஞ்சி ஓடாததற்குக் காரணம் தருகிறது. மூன்றாவது, அவருடைய அறிவுரைக்கு எடை சேர்க்கிறது. வன்முறையின் விளைவை நேரில் கண்டவர் சொல்லும் எச்சரிக்கையைப் புரூசால் எளிதில் ஒதுக்க முடிவதில்லை.

ஆல்ஃபிரட்டின் விசுவாசம் கீழ்ப்படிதலோடு ஒன்றானதன்று என்பது பெரும்பாலான படங்களில் காணப்படுகிறது. அவர் கேட்காமல் கதவைத் திறக்கிறார், உண்மையை மறைக்கிறார், எதிர்த்து வாதிடுகிறார், ஒருமுறை விலகியும் செல்கிறார். அவருடைய கடமை பேட்மேனுக்கு உரியதா, இறந்த பெற்றோர் ஒப்படைத்துச் சென்ற பிள்ளைக்கு உரியதா என்ற சிக்கலே இவற்றின் அடிப்படை. பேட்மேனுக்கு உதவும் ஒவ்வொரு முறையும் அப்பிள்ளையை ஆபத்துக்கு அனுப்புகிறார். உதவ மறுத்தாலோ, அப்பிள்ளை உதவியின்றித் தனியே ஆபத்துக்குச் செல்லும்.

ஒத்த கதைமாந்தர்

போரில் உடனிருந்தவர் பின்னர் இல்லப் பணியாளராக வருவது ஆங்கிலக் கதைகளில் முன்பே வழக்கிலிருந்த அமைப்பாகும். டாரதி சேயர்ஸ் 1923 முதல் எழுதிய துப்பறியும் புதினங்களில் வரும் பண்டர், முதல் உலகப் போரில் தன் முதலாளி பீட்டர் விம்சியின் கீழ் சார்ஜெண்டாக இருந்தவர்.

மார்வெல் வரைகதைகளில் அவெஞ்சர்ஸ் குழுவின் பட்லராக 1964 இல் அறிமுகமான எட்வின் ஜார்விசும் பிரித்தானிய வான்படையில் இருந்தவர். அயன் மேன் (2008) திரைப்படத்தில் இப்பெயர் ஒரு கணினிச் செயலிக்கு வைக்கப்பட்டது. அதற்குப் பால் பெட்டனி குரல் கொடுத்தார். ஏஜெண்ட் கார்ட்டர் தொடரில் (2015–2016) ஜேம்ஸ் டார்சி மனித உருவில் ஜார்விசாக நடித்தார். அத்தொடரில் தான் காதலித்த யூதப் பெண்ணைக் காப்பாற்ற அதிகாரியின் கையொப்பத்தைப் பொய்யாக இட்டதற்காகப் படையிலிருந்து நீக்கப்பட்டவர் ஜார்விஸ். இவரும் ஆணையை மீறிய படைவீரராகவே அமைந்துள்ளார்.

நடித்தோர்

* வில்லியம் ஆஸ்டின் – பேட்மேன் திரைத்தொடர் (1943)
* எரிக் வில்டன் – பேட்மேன் அண்ட் ராபின் திரைத்தொடர் (1949)
* ஆலன் நேப்பியர் – பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் (1966–1968), திரைப்படம் (1966)
* மைக்கேல் கோஃப் – நான்கு திரைப்படங்கள் (1989–1997)
* மைக்கேல் கெய்ன் – மூன்று திரைப்படங்கள் (2005–2012)
* ஷான் பெர்ட்வீ – கோத்தம் (2014–2019)
* ஜெரமி அயர்ன்ஸ் – நான்கு திரைப்படங்கள் (2016–2023)
* ரால்ஃப் ஃபைன்ஸ் – தி லெகோ பேட்மேன் மூவி (2017), குரல் மட்டும்
* டக்ளஸ் ஹாட்ஜ் – ஜோக்கர் (2019)
* ஜாக் பேனன் – பென்னிவொர்த் (2019–2022)
* ஆண்டி செர்கிஸ் – தி பேட்மேன் (2022)